ஆறாத புண் – 17: முழங்கையிலிருந்து பாதம் வரை

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளிவந்தது 1998-இல். ஐடிஐ முடித்த கையோடு அன்று லைனில் ஏறிய இருபது வயதுப் பையன்களுக்கு இன்று ஐம்பதை நெருங்கும் வயது. பிறகு 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் வரிசை கட்டின. சுங்குவார்சத்திரம், வல்லம், மாத்தூர் என ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த ஊர்களெல்லாம் ஷிஃப்ட் நேரத்துக்குக் கண்விழிக்கப் பழகின. முதலீடு எத்தனை கோடி, வருஷத்துக்கு எத்தனை வண்டி என்ற கணக்கில் இந்த வட்டாரத்தின் வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. பாதத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. எட்டு மணி நேரம், ஓவர்டைம் (ஓடி) சேர்ந்தால் பன்னிரண்டு மணி நேரம், இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூவுக்குள் நின்றபடியே கால் நூற்றாண்டு.

சர்க்கரை நோய் தன் பாக்கியை வசூலிக்க வருவதும் இந்த வயதில்தான். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு அந்த நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பத்து, பதினைந்து வருஷம் சுகர் கட்டுக்குள் இல்லாமல் போனால் கால் நரம்புகள் மரத்துப்போகும். ஷூவுக்குள் புகுந்த ஒரு கல்துகள், சாக்ஸில் விழுந்த ஒரு மடிப்பு, புது ஷூவின் விளிம்பு, ஏதோ ஒன்று கொப்புளம் எழுப்பும், வலிக்காது. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றும்போது கொஞ்சம் ஈரம் தெரியும், அவ்வளவுதான். மறுநாளும் அதே ஷூ, அதே லைன். மூன்று மாதம் கழித்துப் பெருவிரலுக்கு அடியில் ஐம்பது பைசா அகலத்தில் ஒரு குழி நிலைத்துவிடும்.

அந்தக் குழியில் நோயாளியின் சொந்த ரத்தத்தையே மருந்தாக வைக்கும் வைத்தியத்தைப் பற்றியது இந்த அத்தியாயம். முழங்கை மடிப்பில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றி, வேண்டிய பகுதியை மட்டும் பிரித்து, சுடச்சுட அதே ஆளின் பாதத்தில் வைத்துக் கட்டுகிறார்கள். மினியாபொலிஸ், மயாமி, நீஸ் என்று தூர தேசத்து ஊர்ப்பெயர்களோடு சொல்லப்படும் கதைதான். ஆனால் அதற்கு ஒரு முன்கதை உண்டு. அது நடந்த இடம் ஒரகடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து தெற்கே சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வந்து ஜிஎஸ்டி சாலையில் திரும்பினால் செங்கல்பட்டு. அதை ஒட்டிய திருமணியில் 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1955-இல் மத்திய அரசு அதை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. இன்றும் அது இயங்குகிறது. தொழுநோய் வைத்தியத்தில் உலகப் பெயர் பெற்ற ராபர்ட் காக்ரேன் அங்கே பணியாற்றியபோது, 1947-இல், வேலூர் சிஎம்சியிலிருந்து ஓர் இளம் எலும்பு அறுவை மருத்துவரைக் கூட்டிக்கொண்டு போய் நோயாளிகளைக் காட்டினார். வந்தவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர், மலைக் காட்டில் வளர்ந்தவர். மடங்கிப்போன விரல்களையும் தேய்ந்துபோன பாதங்களையும் பார்த்த பிராண்ட், இதை ஏன் எந்த எலும்பு மருத்துவரும் ஆராயவில்லை என்று கேட்டாராம். தோல் வியாதி என்று எல்லோரும் ஒதுங்கிவிட்டதுதான் காரணம்.

அன்றைக்கு ஊரறிந்த நம்பிக்கை ஒன்று இருந்தது: தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி உதிரும். பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் வருஷக்கணக்கில் கண்காணித்து அதைப் பொய்யாக்கினார்கள். வேலூரில் நோயாளிகள் தங்கியிருந்த குடியிருப்பில் சிலருக்கு ஒரே ராத்திரியில் விரல் நுனி காணாமல் போனது. விடிய விடிய விழித்திருந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. உணர்ச்சியற்ற விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது, தூங்குகிறவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஆளுக்கொரு பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். கேட்டால் சிரிப்பு வரும் வைத்தியம், ஆனால் பலித்தது. தொழுநோயாளியின் சதை மற்றவர் சதையைப் போலவே ஆறும், வலி இல்லாததால் அவர்கள் அதை ஆறவிடுவதில்லை என்பது பிராண்டின் முடிவு. பாதப் புண்ணுக்கும் அதே விளக்கம்தான். நமக்குக் கால் வலித்தால் நம்மையறியாமல் நொண்டுவோம். நொண்டுவது உடம்பு தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் மருந்துச் சீட்டு. மரத்த காலுக்கு அது கிடைப்பதில்லை. புண்ணின் மேலேயே மிதித்து நடக்கும்.

அப்படியானால் பாரத்தை எடுக்க வேண்டும். பாதத்திலிருந்து முழங்கால் வரை ஒட்டினாற்போல் மாவுக்கட்டுப் போட்டுவிட்டால், புண் இருக்கும் இடத்தில் விழும் அழுத்தம் கால் முழுக்கப் பரவிவிடும். நோயாளி நடமாடிக்கொண்டே இருப்பார், புண்ணும் ஆறும். இந்த முறையை 1930களில் இந்தியாவில் ஜோசப் கான் என்ற மருத்துவர் எழுதிவைத்தார். இலங்கையில் அதைக் கையாண்டவர் கொழும்பின் புகழ்பெற்ற தமிழ் அறுவை மருத்துவர் மில்ராய் பால். 1960களில் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது மாவுக்கட்டும் கூடவே போனது. அங்கிருந்து சர்க்கரை நோயாளிகளின் காலுக்குத் தாவி, இன்று உலகம் முழுக்கப் பாதப்புண் வைத்தியத்தின் அளவுகோலாக நிற்கிறது. செங்கல்பட்டு, வேலூர், கொழும்பு வழியாக ஏழைகளின் காலில் பிறந்த வைத்தியம் என்பதாலோ என்னவோ, இதன் பெயரில் கம்பெனியும் இல்லை, காப்புரிமையும் இல்லை. ரத்தத்தின் கதைக்குப் போகுமுன் இதை நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடைசியில் இங்கேதான் திரும்பி வரப்போகிறோம்.

பாரத்தை எடுத்தும், கிருமியை அடக்கியும், சில புண்கள் ஆறாமல் கிடக்கும். ஆறுகிற புண் ஓர் ஒழுங்கில் நகரும்: ரத்தம் உறையும், அழற்சி வரும், புதுச் சதை எழும், மேலே தோல் மூடும். பழைய புண் இரண்டாம் கட்டத்திலேயே சிக்கிக்கொள்கிறது. அதில் ஊறும் நீரிலுள்ள நொதிகள், புதுச் சதையை வரவழைக்கும் புரதங்களையே அரித்துத் தின்றுவிடுகின்றன. அந்தப் புரதங்களை வெளியிலிருந்து கொண்டுவந்து போட முடியுமா என்ற கேள்விதான் ஆராய்ச்சிக்காரர்களை ரத்தத்தின் பக்கம் திருப்பியது.

ரத்தத்தைப் புண்ணுக்கு மருந்தாகப் பார்ப்பதே ஒரு தலைகீழ்த் திருப்பம்தான். சுசுருதர் காலத்திலிருந்து நம் வைத்தியத்தில் கெட்ட ரத்தம் என்று ஒன்றை வெளியேற்றுவது வழக்கம். அட்டை விட்டார்கள், கீறி விட்டார்கள். ஐரோப்பாவிலும் கதை அதேதான்.

அந்தத் திருப்பத்துக்குக் காரணமான தட்டணுக்களை இன்று தெரியாதவர் இல்லை. டெங்கு காலத்தில் வீட்டுக்கு வீடு பிளேட்லெட் எண்ணிக்கை பேசப்படுகிறது. ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனால் பப்பாளி இலையைத் தேடி ஆள் கிளம்பிவிடும். ஆனால் நுண்ணோக்கியில் அவை முதலில் தென்பட்டபோது, சிவப்பணு உடைந்த தூசி என்றே பலரும் நினைத்தார்கள். 1870களில் வில்லியம் ஆஸ்லர் அவற்றை ரத்தக் குழாய்க்குள்ளேயே பார்த்தார். 1882-இல் டூரின் நகரின் ஜூலியோ பிட்சோசெரோ, ரத்தக் குழாயில் காயம் பட்ட இடத்தில் அவை முதலில் வந்து ஒட்டித் திரளுவதைக் கண்டு, இவை ரத்தத்தின் தனிக் கூறு, ரத்தக் கசிவை நிறுத்துவது இவற்றின் வேலை என்று நிறுவினார். அடுத்த தொண்ணூறு வருஷம் அவற்றுக்கு அந்த ஒரு வேலைதான் என்று மருத்துவம் நம்பியது.

1974-இல் சியாட்டில் நகரத்து ரஸ்ஸல் ராஸ் ஒரு சின்ன வித்தியாசத்தைப் பிடித்தார். ஆய்வகத் தட்டில் செல்களை வளர்க்க ரத்தத்திலிருந்து எடுத்த திரவத்தை ஊற்றுவார்கள். உறைந்த ரத்தத்திலிருந்து வடிந்த சீரம் ஊற்றினால் செல்கள் பெருகின. உறைவதற்கு முன்பே தட்டணுக்களை நீக்கிவிட்டு எடுத்த திரவத்தில் அப்படிப் பெருகவில்லை. உறையும்போது தட்டணு ஏதோ ஒன்றைக் கக்குகிறது. அது தட்டணுவின் வயிற்றிலுள்ள நுண்பைகளில் அடைத்துவைக்கப்பட்ட வளர்ச்சிக் காரணி. ஒன்றல்ல, பல: செல்லைப் பெருக்குவது, புது ரத்தக் குழாயை முளைக்கவிடுவது, இணைப்புத் திசுவைக் கட்டுவது என்று ஆளுக்கொரு வேலை. எட்டு, பத்து நாள் மட்டுமே உயிர்வாழும் இந்தத் துணுக்கு, ரத்தக் கசிவை அடைத்துவிட்டு, பழுதுபார்க்கும் ஆட்களையும் கூப்பிட்டுவிட்டுத்தான் சாகிறது.

அந்தச் சரக்கை ஆறாத புண்ணில் முதலில் பரவலாகப் பயன்படுத்திக் காட்டியவர் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் நைட்டன். 1986-இல் அவர் குழு வெளியிட்ட கட்டுரையில் 49 நோயாளிகள். வழக்கமான வைத்தியத்தில் சராசரியாக 198 வாரம், கிட்டத்தட்ட நாலு வருஷம் அலைந்தவர்கள். அவரவர் தட்டணுவிலிருந்து எடுத்த சாற்றைப் பூசிய பிறகு சராசரியாக 10.6 வாரத்தில் புண் மூடியது. எண்ணைப் பார்த்தாலே கிறுகிறுக்கும். ப்ரோக்யூரன் என்ற பெயரில் அது வியாபாரமானது. அமெரிக்காவில் புண் வைத்திய நிலையங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன.

ஆனால் 198 வாரத்தையும் 10.6 வாரத்தையும் பக்கத்தில் வைப்பது நியாயமான ஒப்பீடா? அந்த 49 பேருக்கும் சாறு மட்டுமா கிடைத்தது? அக்கறையான டாக்டர், செத்த சதையை முறையாக வெட்டி எடுத்தல், கிருமிக்கு மருந்து, காலுக்கு ஓய்வு, எல்லாம் சேர்ந்தே கிடைத்தன. ஒரு பாதிப் பேருக்குச் சாறு, மறுபாதிப் பேருக்கு வெறும் உப்புநீர் என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்திருந்தால்தான் எது வேலை செய்தது என்று தெரிந்திருக்கும். 1991-இல் சான் பிரான்சிஸ்கோவில் அப்படி ஒரு சிறிய சோதனை நடந்தது. சாற்றால் பலன் எதுவும் தெரியவில்லை. 1992-இல் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு இதற்குப் பணம் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டது. வியாபாரம் படுத்தது.

ரத்தத்திலிருந்து எடுப்பதைவிடக் காரணியை மட்டும் தொழிற்சாலையில் செய்துவிடலாம் என்று மருந்துக் கம்பெனிகள் வேறு பாதையில் போயின. மரபணு மாற்றிய ஈஸ்டில் தயாரித்த பெகாப்ளெர்மின் களிம்புக்கு 1997 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. களிம்பு பூசியவர்களில் பாதிப் பேருக்குப் புண் மூடியது, மருந்தில்லாத வெறும் களிம்பில் 35 சதவீதம். 2008-இல் நிறைய டியூப் பயன்படுத்தியவர்களிடம் புற்றுநோய் மரணம் கூடுதலோ என்ற சந்தேகத்தில் எச்சரிக்கைப் பெட்டி அச்சிட்டார்கள், பத்து வருஷம் கழித்து அதை எடுத்தும் விட்டார்கள். ஹைதராபாத் கம்பெனிகளும் இந்தியாவில் இவ்வகைக் களிம்புகளைச் செய்து விற்றன. நம் ஊர் நோயாளியின் கைக்கு எட்டும் விலையில் அவை இருந்ததில்லை என்பதால் அந்தக் கிளைக்கதையை இங்கேயே விடுகிறேன்.

சொந்த ரத்தம் மறுபடி தலையெடுத்தது பல் வைத்தியத்தின் மூலமாக. 1998-இல் மயாமியின் ராபர்ட் மார்க்ஸ், கட்டியை அகற்றியதில் தாடையை இழந்தவர்களுக்கு எலும்பு ஒட்டும்போது தட்டணு செறிந்த பிளாஸ்மாவைக் கலந்து வைத்தார். எலும்பு சீக்கிரம் கெட்டிப்பட்டது. பிஆர்பி என்ற மூன்றெழுத்து அதற்குப் பிறகு காட்டுத்தீயானது. முட்டி வலிக்குப் போட்டார்கள், கிரிக்கெட் வீரர்களின் தோளுக்குப் போட்டார்கள், வழுக்கைக்குப் போட்டார்கள். இன்று சென்னையில் பிஆர்பி என்று சொன்னால் பத்தில் ஒன்பது பேருக்கு முடி வளர்க்கும் கிளினிக்தான் நினைவுக்கு வரும். ஆறாத புண்ணுக்காகப் பிறந்தது தலைமுடிக்காகப் பிரபலமானது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

2001-இல் பிரான்சின் நீஸ் நகர மருத்துவர் ஜோசப் ஷூக்ரூன் எல்லாவற்றையும் எளிதாக்கினார். பிரான்சில் ரத்தத்தோடு எதையாவது கலந்து மறுபடி உடம்பில் வைக்கச் சட்டம் கெடுபிடி செய்தது. அவர் எதையுமே கலக்கவில்லை. உறையாமை மருந்து இல்லாத வெற்றுக் குழாயில் ரத்தத்தைப் பிடித்து அப்படியே சுழற்றினார். பிஆர்எஃப் (தட்டணு செறிந்த ஃபைப்ரின்) பிறந்தது. வறுமைக்கென்றே அளந்து செய்த முறை போல அது இந்தியாவுக்குப் பொருந்தியது.

செய்முறையைக் கிட்டத்தில் நின்று பார்ப்போம். நோயாளியைப் படுக்கவைத்து, முழங்கைக்கு மேலே டோர்னிகே கட்டி, பத்து மில்லி குழாய்கள் இரண்டு அல்லது மூன்றில் ரத்தம் பிடிக்கிறார்கள். குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும், அல்லது உள்ளே சிலிக்கா பூசியிருக்க வேண்டும். ரத்தம் உறையத் தொடங்குவது அந்தச் சுவரைத் தொட்டுத்தான். சிரை கிடைக்காமல் தடவிக்கொண்டிருந்தால் காரியம் கெட்டது, பாதி ரத்தம் குழாயிலேயே திப்பிதிப்பியாகிவிடும். இரண்டு நிமிஷத்துக்குள் சென்ட்ரிஃப்யூஜில் எதிரெதிராக, எடை சமமாக வைத்து மூட வேண்டும். எந்த ஊர் லேபிலும் இருக்கும் சாதாரண ரெமி இயந்திரம் போதும். 3000 சுற்று, பத்து நிமிஷம். சுற்று எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் இயந்திரத்தின் ஆரம் வேறுபட்டால் விசை வேறுபடும், அதனால் ஒரு ஆஸ்பத்திரியின் ஜெல் இன்னொரு ஆஸ்பத்திரியின் ஜெல்லாக இருக்காது. ஆய்வுக் கட்டுரைகள் பாதிக்கு மேல் இதைச் சரியாக எழுதுவதே இல்லை, அது ஒரு தலைவலி.

மூடியைத் திறந்தால் மூன்று அடுக்கு. அடியில் கருஞ்சிவப்பு, மேலே வைக்கோல் நிறத் திரவம், நடுவில் மங்கிய மஞ்சளில் வழவழப்பான ஒரு கட்டி. தட்டணுக்களையும் வெள்ளணுக்களையும் ஃபைப்ரின் வலையில் பிடித்துவைத்திருப்பது இந்தக் கட்டி. ஃபோர்செப்ஸால் வெளியே இழுத்து, ஒட்டிக்கொண்டு வரும் சிவப்பைக் கத்தரித்து, இரண்டு காஸ் துணிகளுக்கு நடுவே மெதுவாக அழுத்தினால் நீர் வடிந்து சவ்வாகும். விரலில் எடுத்தால் வழுக்கும், இழுத்தால் கொஞ்சம் நீளும். அதற்குள் புண்ணின் விளிம்பிலுள்ள தடித்த தோலைச் செதுக்கி, அடியில் ரத்தம் துளிர்க்கும்வரை சுத்தம் செய்திருப்பார்கள். சவ்வை அதன் மேல் பரப்பி, ஒட்டாத வலைத்துணி போட்டுக் கட்டிவிட்டால் ஒரு வாரத்துக்குத் திறக்கக் கூடாது. நொதிகள் அரிக்க அரிக்க, வலை கரையக் கரைய, உள்ளே இருப்பது மெள்ள மெள்ள வெளிவரும். கட்டியின் பலம் இந்த நிதானத்தில்தான் இருக்கிறது. தன் ரத்தம் என்பதால் ஒவ்வாமை இல்லை, அடுத்தவர் தொற்றும் இல்லை. ஆனால் எலும்பில் சீழ் பிடித்த காலிலும், ரத்தக் குழாய் அடைத்த காலிலும் வைத்துப் பயனில்லை. முதலில் கணுக்காலில் நாடி ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதை எழுத்தில் பதித்த முக்கியமான இடம் வட சென்னையின் ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி. அங்குள்ள தோல் மருத்துவப் பிரிவு 2016-இல் வெளியிட்ட ஆய்வு, தொழுநோய் குணமான பிறகும் பாதப் புண் ஆறாதிருந்த 50 பேரைப் பற்றியது. இயந்திரத்தில் இரண்டு முறை சுழற்றிக் கையாலேயே பிரித்த பிஆர்பியைக் கால்சியம் குளோரைடு சேர்த்துத் தூண்டி, வாரம் ஒரு முறை, அதிகபட்சம் ஆறு தடவை வைத்தார்கள். புண் ஆறச் சராசரியாக 4.38 வாரம் ஆனது. திருமணியில் பிராண்ட் குனிந்து பார்த்த அதே வகைப் பாதங்கள், எழுபது வருஷத்துக்குப் பிறகு. மறு ஆண்டில் கோவை பிஎஸ்ஜி மருத்துவமனையிலிருந்து, சிரைக் கோளாறால் வந்த கால் புண்களில் பிஆர்எஃப் சவ்வையும் உப்புநீர்க் கட்டையும் ஒப்பிட்ட ஆய்வு வந்தது. மொத்தமே 15 பேர்தான். சவ்வு வைத்தவர்களுக்குப் புண்ணின் பரப்பு ஏறக்குறைய 85 சதவீதம் சுருங்கியது, மற்றவர்களுக்கு 43. ஸ்டான்லியில் ஒப்பிட மறுபாதி இல்லை, கோவையில் ஆள் எண்ணிக்கை இல்லை. குறை சொல்வது சுலபம். ஓபி வரிசைக்கும் டிரெஸ்ஸிங் வரிசைக்கும் நடுவே இதைச் செய்து முடித்ததே பெரிய விஷயம் என்பேன். காப்புரிமை வாங்க முடியாத பொருளுக்கு எந்தக் கம்பெனி வந்து செலவழிக்கும்?

ஒரு கம்பெனி வந்தது, டென்மார்க்கிலிருந்து. 18 மில்லி ரத்தத்தைத் தனிவகைக் குழாயில் சுழற்றி வட்டமான ஒட்டாகச் செய்யும் அதன் முறையை பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன் நாடுகளின் 32 பாத கிளினிக்குகளில் சோதித்தார்கள். முடிவு 2018-இல் லான்செட் குழும இதழில் வந்தது. என்னைக் கவர்ந்தது சோதனையின் முதல் நாலு வாரம். சம்மதம் தந்த 595 பேருக்கும் ரத்த ஒட்டு எதுவும் கிடையாது, நல்ல கவனிப்பு மட்டும்: வெட்டிச் சுத்தம் செய்வது, பாரத்தை எடுப்பது, கிருமியை அடக்குவது. அதிலேயே பாதிக்குப் பாதி சுருங்கிவிட்ட புண்களை விலக்கினார்கள். அதுவும் வேறு காரணங்களும் போக மிஞ்சிய 269 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். 20 வாரத்தில், ஒட்டு வைத்தவர்களில் 34 சதவீதம் பேருக்குப் புண் மூடியது. வைக்காதவர்களில் 22 சதவீதம். பலன் உண்மை, ஆனால் அளவோடுதான். நைட்டனின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் சப்பென்று இருக்கும். ஆனால் இதுதான் நம்பக்கூடிய எண். 2021-இல் மெடிகேர் மனம் மாறி, சர்க்கரை நோய்ப் புண்ணுக்கு 20 வாரம் வரை இந்த வைத்தியத்துக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது. முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு 29 வருஷம்.

ஆக, ரத்தம் கூடுதலாக ஒரு கை கொடுக்கிறது. முதல் கை பிராண்டும் கானும் மில்ராய் பாலும் கொடுத்தது. பாரத்தை எடுக்காமல் ஜெல் வைப்பது வீண் செலவு. இதை ஒரகடத்தில் சொல்லிப் பார்த்தால் தெரியும் கஷ்டம். எந்த டிரெஸ்ஸிங் அறையிலும் நடக்கக்கூடிய பேச்சு இது:

"அண்ணே, இந்தக் கால ஒரு மாசத்துக்குக் கீழ ஊனக் கூடாது. இன்னிக்கு வெச்ச ஜெல்லு நாளைக்கே நசுங்கிப்போயிடும்."

"ஊனாம எப்படி சிஸ்டர் லைன்ல நிக்கறது? லீவு போட்டா அந்த இடத்துக்கு வேற ஆள் வந்துடுவான்."

ஒரகடம் சிப்காட்டில் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்காவுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மத்திய அரசு 2020-இல் அறிவித்த திட்டத்தில் தேர்வான சில மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ரத்தம் பிடிக்கும் குழாயும் சென்ட்ரிஃப்யூஜும் இங்கேயே தயாரானால் நல்லதுதான். கார் செய்கிற ஊருக்கு அது பெரிய வித்தையும் இல்லை. 2024-இல் தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஆலைக்குள்ளேயே சுகரும் பிரஷரும் பார்க்கிறார்கள். விரலில் ஊசி குத்துகிற அதே நேரத்தில் ஷூவையும் கழற்றச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தால் கூடுதலாக இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷம் மிச்சப்படுத்தும் சென்ட்ரிஃப்யூஜ் வேலை ஏராளம்.

மிச்சம் இருப்பது விடுப்பு. லைனில் நிற்கும் பெரும்பாலோருக்கு இஎஸ்ஐ அட்டை உண்டு. 2017-இலிருந்து மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதில் வருகிறார்கள். சாதாரண நோய் விடுப்பில் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள். அதாவது 13 வாரம். ஐரோப்பிய சோதனையில் புண்ணுக்குக் கொடுத்த அவகாசம் 20 வாரம், அதிலும் மூன்றில் ஒருவருக்குத்தான் மூடியது. இந்த இடைவெளியை நிரப்ப அதே இஎஸ்ஐயில் இன்னொரு பலன் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 34 நீண்டகால நோய்களின் பட்டியலில் உள்ளவற்றுக்கு நீட்டிக்கப்பட்ட பலனாகச் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு வருஷம் வரை கிடைக்கும். அந்தப் பட்டியலில் தொழுநோய் இருக்கிறது. சர்க்கரை நோயால் வந்த பாதப் புண்ணும் இருக்கிறது. நிபந்தனை: இரண்டு வருஷம் தொடர்ந்து காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், அதற்குள் குறைந்தது 156 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு இது பிரச்சினையே இல்லை. கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் இடையில் சில மாதம் வேலையில்லாமல் இருந்தவருக்குக் கணக்கு அங்கேயே அறுந்துவிடுகிறது. பயிற்சியாளர் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்ட அப்ரன்டிஸ் இஎஸ்ஐக்குள்ளேயே வருவதில்லை. ஓடியும் அலவன்ஸும் சேர்ந்து சம்பளம் வரம்பைத் தாண்டிவிட்ட சீனியர், புண் வரும் வயதில் அட்டையை இழந்திருப்பார் என்று சிலர் நினைக்கிறார்கள்; வரம்பைக் கணக்கிடும்போது ஓடித் தொகையைச் சேர்ப்பதில்லை, ஆகவே அட்டை செல்லுமா என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

அடுத்த இதழில், மாவுக்கட்டிலிருந்து செருப்புக்கு: மைக்ரோசெல்லுலர் ரப்பர் வேலூரின் பாதங்களுக்கு வந்த கதை.

(தொடரும்)